ராக் பாட்டும் திரையும்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முப்பது வருஷமாக ராக் கேட்கிறேன். படம் பார்ப்பது அதற்கும் முன்பே தொற்றிய வியாதி. இந்த இரண்டும் ஒரே காட்சியில் சேர்ந்துவிட்டால் நான் பேச்சை நிறுத்த மாட்டேன் என்று வீட்டில் புகார் உண்டு. இது தெரிந்தவர்கள் டீ குடிக்கும்போதும், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையிலிருந்தும் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதால், உட்கார்ந்து எழுதிவிட்டேன். பெயரும் ஆண்டும் சரிபார்த்தவை. மற்றதெல்லாம் என் ரசனை, சண்டைக்கு வரலாம்.

ராக் என்றாலே இரைச்சல்தானே?

சில சமயம் ஆமாம். கல்யாண மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து தவில் கேட்டிருக்கிறீர்களா? பக்கத்தில் இருப்பவர் சொல்வது காதில் விழாது. அதை யாரும் இரைச்சல் என்பதில்லை. எல்லாம் பழக்கம்தான்.

வரிகள் புரிவதில்லையே?

எனக்கும் பாதி புரியாது. இங்கிலாந்துக்காரர்களுக்கும் புரிவதில்லை என்று கேள்விப்பட்டபோது மனசு லேசானது.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? பத்து ஆல்பம் சொல்லுங்கள்.

பத்து ஆல்பம் சொன்னால் பத்தையும் கேட்க மாட்டீர்கள். ஒரே ஒரு படம் சொல்கிறேன்: 'ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்', 1984. டாக்கிங் ஹெட்ஸ் குழு 1983 டிசம்பரில் ஹாலிவுட்டின் பான்டேஜஸ் அரங்கில் நடத்திய கச்சேரியை ஜொனாதன் டெமி படமாக்கினார்.

மேடை காலியாக இருக்கிறது. திரைச்சீலை கிடையாது. பின்சுவரும் சாமான்களும் அப்படியே தெரிகின்றன. ஒரு ஜோடி வெள்ளை ஷூ நடந்து வருகிறது. கேமரா அதை மட்டும்தான் காட்டுகிறது. குழுவின் பாடகர் டேவிட் பைர்ன் ஒரு டேப் ரெக்கார்டரைத் தரையில் வைத்து, டேப் ஒன்று போடப் போவதாகச் சொல்லிவிட்டு, ஒற்றைக் கிடாரோடு பாட ஆரம்பிக்கிறார். அடுத்த பாட்டுக்கு பேஸ் கிடார் வாசிக்கும் டீனா வெய்மவுத் வருகிறார். அதற்கடுத்த பாட்டுக்கு, மேடை ஊழியர்கள் டிரம்ஸை மேடைத்தட்டோடு தள்ளிக்கொண்டு வருகிறார்கள். அப்புறம் இன்னொரு கிடார், கீபோர்டு, தாளக் கருவிகள், பின்பாட்டுக்காரர்கள் என்று மேடை நிரம்பிக்கொண்டே போகிறது.

புதிதாகக் கேட்பவருக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. பேஸ் கிடார் என்ன செய்கிறது என்று பத்துப் பக்கம் எழுதினாலும் விளங்காது. அது இல்லாமல் ஒரு பாட்டு, அது வந்தபின் ஒரு பாட்டு என்று கேட்டால் இரண்டு நிமிஷத்தில் விளங்கிவிடும். இன்னொன்றும் கவனியுங்கள். கிட்டத்தட்டப் படம் முடியும்வரை கூட்டத்தை சரியாகக் காட்டுவதே இல்லை. எங்கே சிலிர்க்க வேண்டும் என்று அழுகிற முகத்தைக் காட்டி நமக்குச் சொல்லித் தருகிற வேலை இதில் கிடையாது. கடைசிப் பக்கம் பைர்ன் கதவு அகலத்துக்கு ஒரு கோட்டு போட்டுக்கொண்டு வருவார். ஏன் என்று கேட்காதீர்கள், சும்மா பாருங்கள்.

ஏற்கெனவே வந்த பாட்டை எடுத்துப் படத்தில் போடுவதில் என்ன திறமை இருக்கிறது? நம் ஊரில் படத்துக்கென்றே பாட்டுப் போடுகிறோமே?

இந்தக் கேள்வியை எங்கள் மாமா ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்பார்.

நமக்குப் பாட்டு படத்தோடு பிறக்கிறது. அங்கே பல பாட்டுகள் வேறு வீட்டில் பிறந்து, வளர்ந்து, ஆளான பிறகு படத்துக்குள் வருகின்றன. 'நீடில் டிராப்' என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள், இசைத்தட்டின்மேல் முள்ளை இறக்குவது என்று பொருள். 1955-இல் 'பிளாக்போர்டு ஜங்கிள்' படத்தின் டைட்டிலில் பில் ஹேலியின் 'ராக் அரவுண்ட் தி கிளாக்' ஓடியது. முந்தைய வருஷமே வெளிவந்து பெரிதாக எடுபடாத பாட்டு. படத்துக்குப் பிறகு அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. 1969-இல் 'ஈஸி ரைடர்' இன்னும் ஒரு படி மேலே போய், தனியாகப் பின்னணி இசை எழுதாமல், வெளிவந்த பாட்டுகளை வைத்தே மோட்டார் சைக்கிளை ஓட்டிவிட்டது.

ஆனால் போடத் தெரிந்து போட்டவர் இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்சேஸிதான். 'குட்ஃபெல்லாஸ்' படத்தில், 1990, எரிக் கிளாப்டனின் டெரிக் அண்ட் தி டாமினோஸ் குழு பாடிய 'லைலா' வரும். இங்கே என் சொந்தக் கதை ஒன்று இருக்கிறது.

காலேஜ் நாட்களில், பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் கேசட்டில் பதிந்து தரும் கடை ஒன்றில் அறுபது நிமிஷக் கேசட் ஒன்று பதிந்தேன். ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிஷம். கடைசியில் 'லைலா'. ஏழு நிமிஷப் பாட்டு. இடம் போதவில்லை, மூன்று நிமிஷத்திலேயே டேப் தீர்ந்து டக்கென்று நின்றுவிடும். கடைக்காரரிடம் கேட்டால், பாட்டே அவ்வளவுதான் என்றார். நானும் நம்பினேன். அந்தக் கிடார், அந்தக் கத்தல், டக். பாட்டு அப்படித்தான் முடியும் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் 'குட்ஃபெல்லாஸ்' பார்த்தேன். காலை வெளிச்சம். தெருவோரம் ஒரு இளஞ்சிவப்பு கேடிலாக் கார். உள்ளே இரண்டு பிணம். குப்பை லாரியிலிருந்து ஒரு பிணம் சரிகிறது. இறைச்சி வண்டியில் மாட்டுத் தொடைகளுக்கு நடுவே இன்னொருவர் விறைத்துத் தொங்குகிறார். கொள்ளைக்குப் பிறகு கூட்டாளிகளை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டியிருக்கிறார்கள். பின்னால் ஒரு பியானோ, இளகிய மனசோடு, சாயங்காலம் மொட்டை மாடியில் நிற்கிற மாதிரி. யார் பாட்டு இது என்று டைட்டிலில் தேடினால், 'லைலா'! என் கேசட்டில் வெட்டுப்பட்ட அந்த நாலு நிமிஷம்.

படப்பிடிப்பிலேயே அந்த இசையை ஓடவிட்டு, அதற்கு ஏற்றபடி கேமராவை நகர்த்தினாராம் ஸ்கோர்சேஸி. பார்த்தாலே தெரியும். பிணத்துக்கு ஒப்பாரி வைத்திருந்தால் சர்க்கரைப் பொங்கலுக்குச் சர்க்கரை தொட்டுக்கொண்ட மாதிரி ஆகியிருக்கும். எதிர்ச்சுவைதான் அங்கே வேலை செய்கிறது. மாமாவுக்கு நான் சொல்லும் பதில் இதுதான், அவரும் ஒவ்வொரு வருஷமும் கேட்டுவிட்டு மறந்துவிடுவார். 2024-இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்தில் 'குணா'வின் 'கண்மணி அன்போடு' ஒலித்தபோது தியேட்டரே ஆர்ப்பரித்ததைப் பார்த்த பிறகு மட்டும், "ஓ, இதைத்தான் சொன்னாயா" என்றார்.

அப்போ ரத்தக்களரிக்கு ஜாலியான பாட்டுப் போட்டால் நல்ல டைரக்டரா?

ஐயோ, இல்லை. 1992-இல் 'ரிசர்வாயர் டாக்ஸ்' காது அறுக்கும் காட்சிக்குத் துள்ளலான பாட்டு வைத்தது. அப்போது அது புதுசு. அதற்குப் பிறகு வந்தவர்கள் அதையே அரைத்து அரைத்து, இப்போது ஒரு வில்லன் ரேடியோவைத் திருகினாலே அடுத்து யாரையோ வெட்டப் போகிறான் என்று என் பையன்கூடச் சொல்லிவிடுகிறான்.

உங்களுக்கு மிகவும் பிடித்த ஒரே ஒரு காட்சி?

'மேட் மென்' தொடர், ஐந்தாவது சீசன், 2012. கதை நடப்பது 1966-இல். டான் டிரேப்பர் விளம்பர உலகில் ராஜா, நாற்பதைத் தொட்டவன், ஊரில் என்ன பாட்டு ஓடுகிறது என்றே தெரியாதவன். இளம் மனைவி மேகன் 'ரிவால்வர்' என்ற பீட்டில்ஸ் தட்டைக் கையில் கொடுத்து, இந்தப் பாட்டிலிருந்து ஆரம்பி என்று காட்டிவிட்டு நடிப்பு வகுப்புக்குப் போய்விடுகிறாள். அவள் காட்டிய பாட்டு 'டுமாரோ நெவர் நோஸ்', அந்தத் தட்டிலேயே விசித்திரமானது.

டான் முள்ளை இறக்குகிறான். கிளாஸோடு நாற்காலியில் சாய்கிறான். ஒரே கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) சுழலும் தாளம், கடற்பறவை கத்துவது போன்ற டேப் ஒலிகள். மற்றப் பாத்திரங்கள் அங்கங்கே என்ன செய்கிறார்கள் என்று காட்சிகள் ஓடுகின்றன. நாமும் சரி, எபிசோடு இப்படியே முடியப் போகிறது என்று சாய்ந்துகொள்கிறோம். டான் எழுந்து போய், பாட்டு நடுவில் முள்ளைத் தூக்கிவிடுகிறான். அறையில் சத்தமே இல்லை. உள்ளே போய்விடுகிறான். எழுத்துகள் ஓடும்போதுதான் பாட்டு மறுபடி எழுகிறது, அவன் இல்லாமல்.

காலம் தன்னைத் தாண்டிப் போய்விட்டது என்று ஒருவன் உணர்வதை வசனமாக எழுதியிருந்தால் நான் சேனலை மாற்றியிருப்பேன். அந்தப் பாட்டுக்குச் சுமார் 2,50,000 டாலர் கொடுத்தார்கள் என்று அப்போது செய்தி வந்தது. அவ்வளவு கொடுத்து வாங்கிய பாட்டைப் பாதியில் நிறுத்தத் துணிச்சல் வேண்டும். ஒரு பாட்டை எங்கே தொடங்குவது என்று பலருக்குத் தெரியும். எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவர்கள் கொஞ்சப் பேர்தான்.

ஒரு பாட்டுக்கு ஏன் அவ்வளவு பணம்? யாருக்குப் போகிறது?

இரண்டு உரிமை வாங்க வேண்டும். பாட்டை இயற்றியது ஒன்று. அதைப் பாடிப் பதிந்த ஒலிப்பதிவு இன்னொன்று. முதலாவது பதிப்புரிமை வைத்திருப்பவரிடமும், இரண்டாவது பெரும்பாலும் இசைத்தட்டு நிறுவனத்திடமும் இருக்கும். ஒருவர் ஒத்துக்கொண்டு மற்றவர் மறுத்தால் கதை முடிந்தது. டிரெய்லர்களில் பழைய ராக் பாட்டை ஏதோ ஒரு புதுக் குரல் மெதுவாக முனகுவதைக் கேட்டிருப்பீர்கள். புதிதாகப் பாடிப் பதிந்துவிட்டால் பழைய ஒலிப்பதிவுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த முனகலுக்கு நான் எதிரி.

லெட் செப்பலின் குழு, பாட்டை லேசில் கொடுக்க மாட்டார்கள் என்று பெயர் எடுத்தவர்கள். 'ஸ்கூல் ஆஃப் ராக்' எடுத்தபோது, 2003, நடிகர் ஜாக் பிளாக் மேடையில் நின்று, பின்னால் துணை நடிகர்கள் கூட்டமாகக் கத்த, ஐயா சாமிகளா பாட்டைக் கொடுங்கள் என்று கெஞ்சி ஒரு வீடியோ எடுத்து அனுப்பினார். கொடுத்துவிட்டார்கள்.

டிவி தொடர்களுக்கு இதில் பெரிய தலைவலி. ஒளிபரப்புக்கு மட்டும் உரிமை வாங்கியிருப்பார்கள். பிற்பாடு டிஸ்க்கிலோ இணையத்திலோ வரும்போது மறுபடி பணம். 'தி ஒண்டர் இயர்ஸ்' டைட்டிலில் ஜோ காக்கர் அடித்தொண்டையில் பாடுவதுதான் அந்தத் தொடரின் உயிர். நெட்ஃபிளிக்ஸில் வந்தபோது வேறு யாரோ அதே மாதிரி பாடி வைத்திருந்தார்கள். எங்கள் பாட்டி காலமான பிறகு அத்தை வைத்த மோர்க்குழம்பு மாதிரி இருந்தது. குற்றம் சொல்ல முடியாது, சாப்பிடவும் முடியவில்லை.

'சோப்ரானோஸ்' கடைசியில் என்னதான் ஆச்சு? டோனி செத்தானா இல்லையா?

2007 ஜூனிலிருந்து கேட்கிறார்கள். தொடரின் கடைசிக் காட்சி: ஐஸ்கிரீம் கடையில் மாஃபியா தலைவன் டோனி உட்கார்ந்திருக்கிறான். ஜூக்பாக்ஸில் ஜர்னி குழுவின் 1981 பாட்டு. வெங்காய வடை மாதிரி ஒன்று வருகிறது. மகள் வெளியே காரை நிறுத்தத் தெரியாமல் முன்னும் பின்னும் போகிறாள். கதவு மணி. டோனி நிமிர்கிறான். பாட்டு வரியின் நடுவில் துண்டாகி, திரை இருண்டுபோகிறது. அமெரிக்காவில் பல வீடுகளில் கேபிள் போய்விட்டதாக நினைத்தார்கள். எனக்கு ஃபைல் கெட்டுப்போய்விட்டது என்று தோன்றியது; அந்தக் கேசட் கடைக்காரர் ஞாபகம் வந்தார்.

செத்தானா என்றால், எனக்கு அதில் அக்கறை இல்லை. அந்தக் கார் நிறுத்தும் ஷாட்டுகளில் என் உள்ளங்கை வியர்த்தது, அது போதும்.

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' பார்த்துவிட்டு எல்லோரும் கேட் புஷ் ரசிகர் ஆகிவிட்டார்களே, எரிச்சலாக இல்லையா?

எதற்கு எரிச்சல்? அவர் பாடிய 'ரன்னிங் அப் தட் ஹில்' 1985-இல் பிரிட்டனில் மூன்றாவது இடம்வரை போன பாட்டு. தொடரின் நான்காவது சீசனுக்குப் பிறகு, 2022 ஜூனில், 37 வருஷம் கழித்து முதலிடம். என் அக்கா மகள் வந்து, "மாமா, புதுசா ஒரு பாட்டு" என்று ஹெட்போனைக் காதில் மாட்டினாள். நான் திருத்தவில்லை. அவளுக்குப் புதுசுதானே.

அதே சீசன் கடைசியில் ஒரு பாத்திரம் மெட்டாலிக்கா குழுவின் பாட்டைக் கிடாரில் வாசிக்கிற காட்சியும் வரும். அதில் கேட்கும் கூடுதல் கிடாரில் ஒரு பங்கு மெட்டாலிக்காவின் பேஸ் வாத்தியக்காரர் ராபர்ட் ட்ருஹியோவின் மகன் டையுடையது. காட்சி கொஞ்சம் ஓவர். வவ்வால் கூட்டத்துக்கு நடுவே கூரைமேல் நின்று வாசிக்கிற எவனையும் நான் திட்ட மாட்டேன்.

'பொஹிமியன் ராப்சடி' படம் பிடிக்குமா?

குவீன் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரியாக ரமி மாலெக் நன்றாகச் செய்திருந்தார், ஆஸ்கரும் வாங்கினார். படம் பிடிக்கவில்லை.

1985 ஜூலை 13-ஆம் தேதி லண்டன் வெம்ப்ளியில் லைவ் எய்டு என்ற நிதி திரட்டும் கச்சேரி. அதற்கு முன் குவீன் பிரிந்துபோய், ஃப்ரெடி மெர்குரி மன்னிப்புக் கேட்டு மறுபடி சேர்ந்ததாகப் படம் சொல்கிறது. உண்மையில் அந்த வருஷம் மே வரை அவர்கள் ஊர் ஊராகக் கச்சேரி செய்துகொண்டிருந்தார்கள். ஃப்ரெடிக்கு எய்ட்ஸ் நோய் தெரியவந்ததையும் லைவ் எய்டுக்கு முன்னால் இழுத்து வைத்திருக்கிறார்கள். 1977-இல் வந்த பாட்டை ஃப்ரெடி மீசை வைத்த காலத்துக்குத் தள்ளிவிட்டார்கள். சினிமாவில் இதெல்லாம் சகஜம் என்பீர்கள். சரி. ஆனால் சான்சிபாரில் பிறந்த ஃபரூக் பல்சாரா என்ற பார்சிப் பையன், எட்டு வயதில் கப்பலேறி மகாராஷ்டிரத்தின் பஞ்சகனி விடுதிப் பள்ளிக்கு வந்து, அங்கே 'தி ஹெக்டிக்ஸ்' என்று ஒரு குழுவில் பியானோ வாசித்த கதையைக் காட்டாமல் விட்டதைத்தான் மன்னிக்க முடியவில்லை. அங்கேயே ஒரு முழுப் படம் இருக்கிறது.

லைவ் எய்டில் குவீன் அசலாக வாசித்தது சுமார் இருபது நிமிஷம்தான். அதையே பாருங்கள்.

அப்போ ஆவணப்படம் மட்டும் பொய் சொல்லாதா?

சொல்லும், இன்னும் நாசூக்காகச் சொல்லும். 'சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்', 2012. டெட்ராய்ட்டில் ஒரு பாடகர், ரோட்ரிகெஸ். ஊரில் யாருக்கும் தெரியாது, தென்னாப்பிரிக்காவில் மட்டும் அவர் பெரிய ஆள், அது அவருக்கே தெரியாது. பார்த்து அழுதேன். பிறகுதான் 1979-லும் 1981-லும் அவர் ஆஸ்திரேலியாவில் கச்சேரி செய்ததும், அங்கே அவருக்கு ரசிகர்கள் இருந்ததும் தெரிந்தது. படத்தில் அது மூச்சு விடப்படவில்லை. கொஞ்சம் ஏமாந்த மாதிரி இருந்தது. பாட்டுகள் நல்ல பாட்டுகள்தான்.

நான் கை நீட்டுவது பீட்டர் ஜாக்சனின் 'கெட் பேக்' பக்கம். 1969 ஜனவரியில் பீட்டில்ஸ் குழுவை எடுத்த காட்சிகளைத் தூசி தட்டி 2021-இல் வெளியிட்டார். மொத்தம் கிட்டத்தட்ட எட்டு மணி நேரம், மூன்று பாகம். போரடிக்கும், சொல்லிவிடுகிறேன். டீ, டோஸ்ட், வெட்டிப் பேச்சு. ஆனால் முதல் பாகத்தில் ஓரிடம். ஜான் லெனன் இன்னும் வரவில்லை. பால் மெக்கார்ட்னி பேஸ் கிடாரைச் சாதாரணக் கிடார் மாதிரி தட்டிக்கொண்டே ஏதோ முனகுகிறார். ஜார்ஜ் கொட்டாவி விடுகிறார். வார்த்தை இல்லை, மெட்டும் இல்லை. தட்டத் தட்ட ஒரு மெட்டு எட்டிப் பார்க்கிறது. இரண்டு நிமிஷத்தில் உலகத்துக்கே தெரிந்த பாட்டு நம் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறது. வாழ்க்கை வரலாற்றுப் படங்களில் இதே விஷயத்தைக் காட்டினால் எல்லோரும் புல்லரித்துப்போய் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். இங்கே ஒருவர் கொட்டாவி விட்டார்.

பீட்டில்ஸை ஜானின் துணை யோகோ ஓனோ பிரித்தார் என்று நம்புகிறவர்களும் பார்க்கலாம். அவர் பாட்டுக்குப் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்.

காமெடியாக ஏதாவது?

'திஸ் இஸ் ஸ்பைனல் டாப்', 1984. இல்லாத ஒரு குழுவைப் பற்றிய போலி ஆவணப்படம். மேடையில், இங்கிலாந்தில் இருக்கிற பழங்கால ராட்சத ஸ்டோன்ஹெஞ்ச் கற்கள் வேண்டுமென்று படம் வரைந்து கொடுப்பார்கள். அளவில் அடி என்பதற்குப் பதில் அங்குலக் குறியைப் போட்டுவிட, பதினெட்டு அங்குல ஸ்டோன்ஹெஞ்ச் மேலிருந்து இறங்கும். நிஜத்தில் பிளாக் சப்பாத் என்ற குழுவுக்கு 1983-இல் எதிர்மாறாக நடந்தது: செய்து வந்த ஸ்டோன்ஹெஞ்ச் அரங்குகளுக்குள் அடங்காத அளவுக்குப் பெரிசு.

இந்தக் கதையில் தமிழர் யாராவது உண்டா?

உண்டு. மாயா அருள்பிரகாசம், உலகத்துக்கு எம்.ஐ.ஏ. லண்டனில் பிறந்து, சிறுவயதில் இலங்கையில் வளர்ந்து, போரால் மறுபடி லண்டன் போனவர். ராக் பாடகி என்று சொல்ல முடியாது. ஆனால் அவருடைய 'பேப்பர் பிளேன்ஸ்', 2007, தி கிளாஷ் என்ற பங்க் குழுவின் 1982 பாட்டு ஒன்றின் இசைத்துண்டின்மேல் கட்டப்பட்டது. அந்தப் பழைய பாட்டு குடியேறிகளைப் பற்றியது, இதுவும்தான். 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தில், பையன்கள் ரயிலில் ஊர் ஊராகச் சுற்றும் இடத்தில் வரும். அதே படத்தில் ரஹ்மானோடு அவர் செய்த பாட்டு ஆஸ்கர் பரிந்துரைக்கும் போனது.

டிவியில் வந்த கச்சேரிகளில் ஒன்றைச் சொல்லுங்கள், போதும், கிளம்புகிறேன்.

நிர்வாணா குழு, எம்டிவி அன்பிளக்டு: பெரும்பாலும் மின்கருவிகள் இல்லாமல் வாசிக்கும் டிவி நிகழ்ச்சி. 1993 நவம்பர் 18, நியூயார்க். மேடை முழுக்க லில்லிப் பூவும் மெழுகுவத்தியும். பாடகர் கர்ட் கோபேன் பழைய பச்சை ஸ்வெட்டரோடு வந்து உட்கார்ந்தார். ஹிட் பாட்டுகளை வரிசையாகப் பாடுவார்கள் என்று எதிர்பார்த்திருந்தவர்களுக்கு, மொத்தம் பதினான்கில் ஆறு பாட்டு அடுத்தவருடையது. பெயர் வாங்கித் தந்த பாட்டைத் தொடவே இல்லை.

கடைசிப் பாட்டு, அமெரிக்காவின் பழைய நாட்டுப்புறப் பாட்டு ஒன்று, லெட் பெல்லி பாடிய விதத்தில். அடித்தொண்டையில் ஆரம்பித்து, போகப் போகக் குரல் கிழிகிறது. கடைசி வரியில், இரண்டு சொல்லுக்கு நடுவே நிறுத்துகிறார். கண் திறக்கிறது. ஒரு மூச்சு. அவ்வளவு நேரமும் கண்ணை மூடிக்கொண்டே பாடியவர் அந்த ஒரு நொடி எதையோ பார்க்கிறார். பிறகு முடிக்கிறார். அடுத்த ஏப்ரலில் அவர் இல்லை என்று தெரிந்துதான் நாம் பார்க்கிறோம். அது தெரியாமல் பார்த்தவர்களுக்கும் அந்த மூச்சு கேட்டிருக்கும்.

இன்னொரு பாட்டு பாடச் சொல்லி எம்டிவிக்காரர்கள் கெஞ்சினார்கள். அந்தக் கடைசிப் பாட்டை மிஞ்சி என்னால் பாட முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.